703 சிசி எஞ்சின் பிரித்துக் கிடக்கிறது, ஆலோசனை வேண்டும்

அண்ணாமாருக்கு வணக்கம். மன்னார் பேசாலையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஃபைபர் படகின் 40 குதிரைவலு யமஹா எண்டுரோ வெளி எஞ்சின் சூடேறி இறுகிவிட்டது. பிழை என்னுடையதுதான், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை (சுழலும் விசிறியை) மூன்று வருடமாக மாற்றவில்லை. ஹெட்டை (சிலிண்டரின் மேல் மூடியை) கழற்றினால் மேல் சிலிண்டரில் நகம் தட்டுப்படும் அளவுக்கு நீளக் கீறல். கீழ் சிலிண்டர் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

சரி, 80 மில்லிமீட்டர் போரை (சிலிண்டரின் உள் விட்டத்தை) கடைந்து 80.50 ஆக்கி, அதற்கேற்ற பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். இரண்டு சிலிண்டரிலும் சேர்த்துக் கூடுவது 9 சிசிதான், அதனால் வலு கூடாது. வலையும் மீனும் ஏற்றினால் படகு எழும்பாமல் இழுபடுகிறது, அதுதான் பெரிய கஷ்டம்.

வலு கூட, ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை (எரிபொருள் கலவை அமுக்கப்படும் அளவை) கூட்டச் சொல்கிறார்கள். 92 ஒக்டேன் பெற்றோலில், சுமையோடு ஓடும்போது கலவை தாறுமாறாக எரிந்து எஞ்சின் தட்டத் தொடங்கினால் பிஸ்டன் ஓட்டையாகிவிடும் என்று பயமாக இருக்கிறது. எக்ஸ்ஹோஸ்ட் போர்ட்டை (சிலிண்டரில் புகை வெளியேறும் துவாரத்தை) உயர்த்த எனக்கு விருப்பமில்லை, கீழ் வேகத்து இழுவை போய்விடும்.

யாராவது ஹெட்டைச் சீவிக் கடலில் ஓட்டியிருக்கிறீர்களா? எவ்வளவு சீவினீர்கள்? அல்லது பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) குறைந்த ப்ரொப்பெல்லர் போட்டாலே போதுமா? சனிக்கிழமை போரிங்குக்குக் கொடுக்கிறேன், அதற்கு முன் சொன்னால் பெரிய உதவி.