பிக்கலோ: மார்ச்சுக்கும் சிம்பனிக்கும் ஒன்றே போதுமா?

மூங்கில்காடு:
ஃப்ளூட் ஓரளவு வரும், பிக்கலோ (ஃப்ளூட்டைவிட ஓர் ஆக்டேவ் மேலே ஒலிக்கும் சின்னக் குழல்) புதுசு. ஒரே மாதத்தில் திறந்தவெளியில் சூசாவின் ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்’ மார்ச் (பேண்ட் வாசிக்கும் அணிநடை இசை), அரங்கில் சைக்கோவ்ஸ்கியின் 4ஆம் சிம்பனி. மரமா, உலோகமா, பிளாஸ்டிக்கா? மேல் ஜி ஷார்ப் சுரம் எப்பவும் சுதி ஏறுது. குழலின் தலைப்பக்க முனையை அடைக்கும் கார்க்கை நகர்த்தலாமா?

சுதிப்பெட்டி:
ஒன்றுதான் வாங்க முடியும்னா பிளாஸ்டிக் உடம்பு, கூம்புத் துளை (போகப் போக குறுகும் உள்துளை). மரத்தை வெயிலுக்கும் பனிக்கும் எடுத்துட்டுப் போகாதீங்க, சட்டுனு சூடு மாறினா விரிசல் விடும். முழு உலோகம் மைதானத்துக்குச் சரி, அரங்கில் காதைக் குத்தும்.

ஒரே ஒரு சுரம் ஏறுதுன்னா கார்க்கைத் தொடாதீங்க. ஜி ஷார்ப்புக்கு வழக்கமான விரல்களோட வலது கை நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து அழுத்துங்க, இறங்கி நிற்கும். மூன்று டி சுரங்களையும் வரிசையா ஊதிப் பாருங்க. அவையே ஒன்றோடொன்று சேராவிட்டால்தான் கார்க். துடைக்கும் குச்சியில் இருக்கும் கோடு ஊதுதுளையின் நட்டநடுவில் தெரியணும்.

மூன்றாம்வரிசை:
சைக்கோவ்ஸ்கியில் கஷ்டம் விரலில் மட்டும் இல்லை, காத்திருப்பிலும் இருக்கு. முதல் இரண்டு பகுதிகளில் பிக்கலோவுக்கு வேலையே கிடையாது. மூன்றாவதில் தந்திக்கருவிகள் வில்லைத் தொடாமல் விரலால் மீட்டிக்கொண்டே போகும், அப்புறம் திடீர்னு உங்களுக்குப் பறக்கும் ஓட்டம். குழல் ஆறிக் கிடந்தால் சுதி கீழே நிற்கும். அந்த மீட்டல் நடக்கும்போதே சாவிகளை எல்லாம் மூடி, சத்தம் வராமல் வெதுவெதுப்பான மூச்சை உள்ளே விடுங்க. அதுக்குப் பதிலா, ஊதுதுளை இருக்கும் தலைப்பகுதியை உள்ளே தள்ளிச் சரிக்கட்டினால், நாலு வரியில் குழல் சூடாகி சுதி மேலே ஓடிடும். பீத்தோவனின் 5ஆம் சிம்பனியிலும் (1808) இதே கதைதான், கடைசிப் பகுதியில்தான் பிக்கலோ வரும்.

பேண்ட்மேளம்:
சூசா பார்ட்டை (உங்க கருவிக்கான இசைத்தாளை) முதல்ல சரிபாருங்க. 1896இல் எழுதியது. பழைய அச்சில் டி ஃப்ளாட் பிக்கலோ (இப்போதைய சி பிக்கலோவைவிட அரைச்சுரம் மேலே ஒலிக்கும் பழைய வகை) பார்ட்தான் அதிகம். ட்ரையோவில் (மார்ச்சின் பிற்பகுதி) வரி ஆரம்பத்தில் நான்கு ஃப்ளாட் குறி இருந்தா சி பிக்கலோவுக்கானது. ஒரு ஷார்ப் இருந்தா டி ஃப்ளாட். அதை அப்படியே வாசிச்சா பேண்ட் முழுக்க ஒரு சுருதியில், நீங்க மட்டும் அரைச்சுரம் கீழே.

மூங்கில்காடு:
ஒரு ஷார்ப்தான் இருக்கு!

பேண்ட்மேளம்:
அப்போ எல்லாமே அரைச்சுரம் மேலே: ஜி இருக்கும் இடத்தில் ஏ ஃப்ளாட். மேடையில் கணக்குப் போடாதீங்க, இன்னிக்கே எழுதி வெச்சுக்கோங்க. பயிற்சியில் வலது காதுக்கு அடைப்பான் கட்டாயம்.