வளைகாப்புக்குப் போய் வந்த மறுநாள் 1.4 கிலோ ஏறிவிட்டது. என்ன செய்வது?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 39. ஜனவரியில் 76 கிலோ இருந்தேன். மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1 வந்ததும் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கப் சோறு, ராத்திரி ஒரு டம்ளர் மோர் மட்டும், சாயந்திரம் நடை என்று நான்கு மாதத்தில் 70க்கு வந்துவிட்டேன்.

போன ஞாயிறு நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. புளியோதரை, தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று கலந்த சாதம் ஏழு வகை. நான் தயிர்சாதம் இரண்டு வாய் மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன். மீந்ததை நாத்தனார் தூக்குவாளியில் கொடுத்தனுப்பினார். ராத்திரி பதினொரு மணிக்கு விளக்கைக்கூடப் போடாமல், ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபடி நின்று, நெய் உறைந்து கட்டியாகிப் போன பொங்கலைக் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டேன். பாதி வாளி காலி. காலையில் எடை 71.4. அழுதுவிட்டேன்.

அதிலிருந்து காலைச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டேன். ஆனால் நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்புதான். நேற்று என் பன்னிரண்டு வயது மகள், “அம்மா, நானும் இரண்டாவது தோசை சாப்பிடக்கூடாதா?” என்று கேட்டாள். அதுதான் என்னை ரொம்பவும் உலுக்கிவிட்டது. இதிலிருந்து வெளியே வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆவடி அக்கா எழுதியது:

தங்கச்சி, முதலில் நாளைக்குக் காலையில் இட்லி சாப்பிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த 1.4 கிலோ கொழுப்பு இல்லை. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். 1.4 கிலோவுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். பாதி வாளிப் பொங்கலில் அது வராது. வழக்கத்தைவிட அதிகமாக அரிசியும் வெல்லமும் உள்ளே போனால் உடம்பு அதைச் சேமிக்கும்போது கூடவே மூன்று மடங்கு தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று நான்கு நாளில் அது இறங்கிவிடும். வியாழக்கிழமை வரை எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

அடுத்தது, ராத்திரி பதினொரு மணிக்கு நடந்தது மதியமே தொடங்கிவிட்டது. உங்களுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று நினைக்காதீர்கள், அது பசி. 1944-45இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, ஆறு மாதம் சாப்பாட்டைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார். திடமான ஆண்கள்தான். கொஞ்ச நாளில் அவர்கள் பேச்சும் கனவும் சாப்பாடாகவே ஆகிவிட்டது. சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தவர்களும் உண்டு. ராத்திரி வெறும் மோரோடு படுக்கிற உங்களுக்கு நாள் முழுக்க அதே நினைப்பு வருவதில் என்ன ஆச்சரியம்?

என் கதையைச் சொல்கிறேன். 81இலிருந்து 70க்கு வர எனக்கு இரண்டு வருடம் ஆனது. முதல் வருடம் எல்லாச் சாப்பாட்டையும் நல்லது, கெட்டது என்று பிரித்து வைத்திருந்தேன். அதிரசம் கெட்டது. தீபாவளியன்று தொடவே இல்லை. மறுநாள் மத்தியானம் வீட்டில் எல்லோரும் தூங்கும்போது அரிசி டிரம்முக்குப் பின்னால் நின்று நான்கு தின்றேன். ருசி என்ன என்றே நினைவில்லை. அடுத்த தீபாவளிக்கு ஒன்றைத் தட்டில் எடுத்து வைத்து, கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, சுக்கு வாசனையோடு. அன்றைக்கு இரண்டாவது எனக்குத் தேவைப்படவே இல்லை.

அதிலிருந்து வீட்டில் ஒரே வழக்கம்தான் வைத்திருக்கிறேன்: எதுவாக இருந்தாலும் தட்டில் போட்டு, உட்கார்ந்து. நீங்கள் ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தியும் நிறையப் பொரியலும், கூடவே சுண்டலோ முட்டையோ வையுங்கள். எடை கொஞ்சம் மெதுவாக இறங்கும். இறங்கட்டும். மகள் முன்னால் “எனக்கு வேண்டாம்” என்பதைவிட, அவளோடு உட்கார்ந்து ஒரு தோசை சாப்பிடுவதுதான் அவளுக்கு நல்லது.

மலைக்கோட்டை சைக்கிள் எழுதியது:

அக்கா சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு அனுபவம். நான் தினமும் எடை பார்த்து, ஞாயிறன்று ஏழு நாள் சராசரியை மட்டும் எழுதி வைப்பேன். ஒரு கிலோ ஏறி இறங்குவது சகஜம் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் என் பயம் போனது. பார்த்தாலே அழுகை வருகிறவர்களுக்கு அக்கா வழிதான் சரி.

சகோதரி, இன்னொன்று. சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருப்பவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வில் வைத்த இலக்கே எடையில் 7 சதவீதமும் வாரம் 150 நிமிட நடையும்தான். அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 76இல் 7 சதவீதம் என்றால் 5.3 கிலோ. நீங்கள் ஆறு கிலோ குறைத்திருக்கிறீர்கள். டாக்டர் கேட்டது உங்கள் சர்க்கரைக்காகத்தானே? அடுத்த ரத்தப் பரிசோதனையை எப்போது என்று கேட்டு எடுத்துவிடுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

அக்கா, அண்ணா, இருவருக்கும் நன்றி. வியாழன் காலை 70.2. ராத்திரிச் சப்பாத்தி ஆரம்பித்து நான்கு நாள் ஆகிறது, பதினொரு மணிக்கு விழிப்பு வரவில்லை. பரிசோதனைக்கு அடுத்த வாரம் போகிறேன்.

இன்று வெள்ளிக்கிழமை, கோயிலில் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். வழக்கமாக மகளிடம் நீட்டிவிடுவேன். இன்று பிராகாரத்துத் திண்ணையில் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் தொன்னையில் இருந்த முந்திரியை மட்டும் அவள் எடுத்துக்கொண்டாள்.