எம்சிபி (கரண்ட் அதிகமானால் தானே விழும் பிரேக்கர்) ட்ரிப் ஆகவில்லை, ஆனால் கேபிள் சுடுகிறது. 4 ஸ்கொயர் போதாதா?

அச்சுப்பட்டறை:
திருப்பூரில் பனியன் பிரிண்டிங் யூனிட். ஆறு ட்ரையர், ஒவ்வொன்றிலும் த்ரீ பேஸ் 12 கிலோவாட் ஹீட்டர். தனித்தனியாக 4 கோர் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் பிவிசி கேபிள், 32 ஆம்ப்ஸ் எம்சிபி. ஆறு கேபிளையும் ஒரே கட்டாக டேக் போட்டு ஓட்டை ட்ரேயில் இழுத்திருக்கிறார்கள். மேலே தகர ஷீட், மதியம் 45 டிகிரி. ஆறும் ஓடினால் கட்டில் கை வைக்க முடியவில்லை. கிளாம்ப் மீட்டரில் 17 ஆம்ப்ஸ்கூட இல்லை. வயரிங் செய்தவர், “4 ஸ்கொயர் 34 ஆம்ப்ஸ் தாங்கும், எம்சிபியும் விழலையே” என்கிறார். நம்பலாமா?

பேனல்வேலை:
34 சரியான எண்தான் சார், ஆனால் அது 30 டிகிரியில், காற்றோட்டத்தில் தனியாகப் போகும் ஒரு கேபிளுக்கு. ஐஇசி 60364 (சர்வதேச வயரிங் தரநிலை) அட்டவணைப்படி, பிவிசிக்கு 45 டிகிரியில் அந்த 34-ஐ 0.79-ஆல் பெருக்கிக் குறைக்க வேண்டும். ஆறு கேபிள் ஒரே கட்டு என்றால் மேலும் 0.57-ஆல்.

34 × 0.79 × 0.57 = 15.3 ஆம்ப்ஸ்

உங்கள் லோட் 16.7. அதாவது கண்டக்டர் 70 டிகிரி வரம்பைத் தாண்டித்தான் ஓடுகிறது. எம்சிபி விழாததில் ஆச்சரியமே இல்லை. அதற்குத் தெரிவது தன் வழியாகப் போகும் கரண்ட் மட்டும், ட்ரேயில் இருக்கும் சூடு அல்ல. 32 ஆம்ப்ஸ் எம்சிபி 36 வரை விழாமல் நிற்கலாம். 46 போனால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். எம்சிபி ரேட்டிங் லோடுக்கு மேலேயும், இப்படிக் குறைத்த பிறகு கேபிள் தாங்கும் ஆம்ப்ஸுக்குக் கீழேயும் இருக்க வேண்டும். உங்களிடம் இரண்டாவது பாதி இல்லை.

பழைய_வயர்மேன்:
ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர் கேபிள் கேட்டலாக்கில் காற்றில் போகும் ரேட்டிங் பெரும்பாலும் 40 டிகிரிக்கே போட்டிருக்கும். அந்த எண்ணை எடுத்து 0.79-ஆல் பெருக்கினால் சூட்டுக்கு இரண்டு தடவை கழித்த மாதிரி. அதற்கு 45 டிகிரியில் 0.91 போதும். எந்த அட்டவணை எண்ணோ, அதே அட்டவணை ஃபேக்டர்.

அச்சுப்பட்டறை:
அப்போ 20 ஆம்ப்ஸ் எம்சிபி மாற்றிவிட்டால் போதுமா அண்ணா? கேபிள் மாற்றினால் செலவு.

பேனல்வேலை:
இந்தக் கட்டுக்கு 20-உம் அதிகம். முதலில் லைனை ஆஃப் செய்து டேகை வெட்டி, ட்ரேயில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். தொட்டுக்கொண்டு கிடந்தாலும் ஆறுக்கு 0.57-க்குப் பதில் 0.73 கிடைக்கும். 19.6 ஆம்ப்ஸ். லோடைத் தாங்கும், 20 எம்சிபிக்கு நூலிழை குறைவு. ஹீட்டர் மோட்டார் மாதிரி ஓவர்லோட் ஆகிற சரக்கு இல்லை, அதனால் தற்காலிகமாக ஓட்டலாம். நிரந்தரமாக விட மாட்டேன்.

இன்னொன்று, எம்சிபி 30 டிகிரிக்குக் கேலிப்ரேட் ஆனது. சூடான டிபியில் (எம்சிபி இருக்கும் பெட்டியில்) ஆறு நெருக்கமாக உட்கார்ந்தால் 20 ஆம்ப்ஸ் எம்சிபி 16.7-க்கே தேவையில்லாமல் விழலாம். எனக்குப் பிடித்த வழி 4 ஸ்கொயரிலேயே எக்ஸ்எல்பிஇ (பிவிசியைவிட அதிகச் சூடு தாங்கும் இன்சுலேஷன்) கேபிள்: 42 × 0.87 × 0.73 = 26.7. 25 ஆம்ப்ஸ் எம்சிபி நிம்மதியாக உட்காரும். பிவிசிதான் வேண்டும் என்றால் 6 ஸ்கொயர் இதே கணக்கில் 24.8-இல் நிற்கும், 25 போட முடியாமல் மறுபடி 20-க்கே வருவீர்கள்.

பழைய_வயர்மேன்:
பரப்பும்போதே மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்க. கட்டின் நடுவில் இருந்த கேபிள்தான் அதிகம் வெந்திருக்கும். ஷீத் (வெளி உறை) விறைத்து நிறம் மாறியிருந்தால் மெகர் நல்ல ரீடிங் காட்டினாலும் அதை முதலில் மாற்றிடுங்க.

அச்சுப்பட்டறை:
ஞாயிறு யூனிட் லீவு, அன்றே பிரித்துவிடுகிறேன். எக்ஸ்எல்பிஇக்கு விலை கேட்டிருக்கிறேன்.