ஏப்ரல் 15க்குள்ள அமெரிக்க டாக்ஸ் எக்ஸ்டென்ஷன்: கும்பகோணத்துலேர்ந்து தபாலா, ஆன்லைனா?

மகாமகக்குளம்_டல்லாஸ்:
வணக்கங்க. நான் டல்லாஸ்ல வேலை பாக்குறேன், அப்பாவுக்கு இடுப்பு ஆபரேஷன்னு மார்ச்ல கும்பகோணம் வந்தேன், வந்தா அவரு இன்னும் வாக்கர் புடிச்சுதான் நடக்குறாரு, அதனால மே கடைசி வரைக்கும் இங்கதான் இருப்பேன். 2025 வருஷத்து டாக்ஸ் இன்னும் ஃபைல் பண்ணல. டபிள்யூ-2 (கம்பெனி குடுக்குற சம்பளக் கணக்கு) கையில இருக்கு, ஷேர் வித்த கணக்கும் இங்க என் பேர்ல கெடக்குற எஃப்டி வட்டியும்தான் இன்னும் சரியா வரல, சரி 4868ங்கிற எக்ஸ்டென்ஷன் பாரத்த போட்டு அக்டோபர் 15 வரைக்கும் டைம் வாங்கிக்கலாம்னு இருக்கேன். தோராயமா 900 டாலர் கட்ட வேண்டி வரும். எங்க மாமா என்னடான்னா தபால்ல அனுப்புடா, கையில ரசீது இருக்கும், கம்ப்யூட்டர்ல போட்டா நாளைக்கு எவன்கிட்ட போயி கேப்பன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. டல்லாஸ் ஃப்ரெண்டு ஆன்லைன்ங்கிறான். இன்னிக்கு 9ஆம் தேதி, 14 வருஷப்பொறப்பு, போஸ்ட் ஆபீஸ் லீவு. எது நல்லதுன்னு சொல்லுங்க.

திருவையாறு_தென்னந்தோப்பு:
தம்பி எதுக்கு இவ்ளோ டென்ஷன், வெளிநாட்டுல இருக்குறவங்களுக்கு தானாவே ஜூன் 15 வரைக்கும் டைம் உண்டு, ஒரு பாரமும் வேணாம். அப்பாவ பாருங்க மொதல்ல.

மாயவரம்_ரிட்டர்ன்:
அண்ணே தப்பா நெனச்சுக்காதீங்க, அது இவருக்கு செல்லாது. வீடும் வெளிய, முக்கியமா வேலை பாக்குற எடமும் வெளியன்னு இருக்குறவங்களுக்குத்தான் அந்த ஜூன் 15. மூட்டைய கட்டிக்கிட்டு ஊரோட வந்துட்ட என்னைய மாதிரி ஆளுக்கு உண்டு (அதுலயும் வட்டி ஏப்ரல் 15லேர்ந்தே ஓடும்). இவரு லீவு போட்டு வந்தவரு, வேலை டல்லாஸ்லதானே இருக்கு.

தம்பி, எக்ஸ்டென்ஷன்ங்கிறது ரிட்டர்ன் குடுக்கத்தான் டைம், காசு கட்டறதுக்கு இல்ல. பாதிப் பேரு இங்கதான் மாட்டிக்கிறாங்க. அந்த 900ஐ 15க்குள்ள கட்டலன்னா மாசம் அரை பர்சென்ட்டும் வட்டியும் போடுவான். எக்ஸ்டென்ஷனே இல்லாம ரிட்டர்ன் லேட்டானா மாசம் 5 பர்சென்ட், 25 வரைக்கும் போவும்.

எப்படியும் காசு கட்டப்போறீங்கல்ல, அப்ப இன்னும் லேசான வழி இருக்கு. ஐஆர்எஸ் (அமெரிக்க வரி இலாகா) சைட்ல டைரக்ட் பேங்கிற காசு கட்டுற பக்கத்துக்குப் போயி, எதுக்குன்னு கேக்குற எடத்துல எக்ஸ்டென்ஷன்னு தேர்ந்தெடுத்து, வருஷம் 2025ன்னு குடுத்து, அமெரிக்க பேங்க் அக்கவுண்ட்லேர்ந்து கட்டிருங்க. அதுவே எக்ஸ்டென்ஷன் கேட்டதா ஆயிரும், தனியா 4868 அனுப்ப வேணாம். காசு கட்ட வேண்டியது இல்லாதவங்க ஃப்ரீ ஃபைல்ல (ஐஆர்எஸ்ஸோட இலவச ஆன்லைன் வசதி) 4868 மட்டும் போடலாம், அதுக்கு சம்பளம் எவ்ளோ இருந்தாலும் பரவால்ல. டெக்சாஸ்ல ஸ்டேட் இன்கம் டாக்ஸ் கெடையாது, அந்தத் தலைவலியும் இல்ல உங்களுக்கு.

அரசலாறு_ஓரம்:
போன வருஷம் நான் பட்டத சொல்றேன். தங்கச்சி கல்யாணத்துக்கு வந்திருந்தேன், நாலு நாளா நெட்டு இல்ல, சரின்னு 4868ம் 1,100 டாலர் செக்கும் கவர்ல போட்டு பக்கத்துல ஒரு கூரியர் ஏஜென்ட்கிட்ட 12ஆம் தேதி சனிக்கெழம குடுத்தேன். அந்தாளு சிரிச்சிக்கிட்டே ரசீது எழுதிக் குடுத்தாரு. ஞாயிறு போச்சு, திங்கள் வருஷப்பொறப்பு, கவரு 16ஆம் தேதிதான் கடைய விட்டே கெளம்பிருக்கு. நான் அது தெரியாம எக்ஸ்டென்ஷன் இருக்குங்கிற தெம்புல செப்டம்பர்ல ரிட்டர்ன் போடுறேன், 270 டாலருக்கு மேல ஃபைன்னு லெட்டர் வருது, வட்டி தனி. அப்பறம்தான் தெரியுது, தனியார்ல ஐஆர்எஸ் லிஸ்ட்ல இருக்குற சில சர்வீஸோட தேதி மட்டும்தான் கணக்கு, தெருமுனை ஏஜென்ட் எழுதுன ரசீதுக்கு மதிப்பே இல்ல. முந்தின மூணு வருஷம் ஒழுங்கா கட்டிருந்ததால போன் பண்ணி மொத தடவைங்கிற சலுகைல தள்ளுபடி வாங்கிட்டேன், அதுக்குள்ள லைன்ல காத்துக்கெடந்து காதே புண்ணாயிருச்சு.

பென்ஷன்_போஸ்டல்:
முப்பத்தி மூணு வருஷம் தபால் இலாகாவுல இருந்தவன், அதனால மாமா பக்கமும் ஒரு வார்த்தை. அரசு தபால் ஆபீஸ் முத்திரைய ஐஆர்எஸ் ஏத்துக்குது, நம்ம ஊரு முத்திரையா இருந்தாலும். 15ஆம் தேதியோ அதுக்கு முன்னாடியோ முத்திரை விழுந்திருந்தா கவரு மே மாசம் போய் சேந்தாலும் சரிதான். ஆனா பொட்டியில போட்டுட்டு வந்துராதீங்க, ஹெட் போஸ்ட் ஆபீஸ் கவுண்டர்ல குடுத்து, முத்திரை தெளிவா விழுந்துச்சான்னு கண்ணால பாத்து, ரசீத வாங்கி வெச்சிக்கணும். 13ஆம் தேதி கூட்டம் அம்மும், நாளைக்கே போறதுதான் புத்திசாலித்தனம். இவ்ளோ சொல்லிட்டு நானே சொல்றேன், என் மவளுக்கு நான் ஆன்லைன்லதான் போட சொன்னேன். ஏன்னா தபால்ல அனுப்புனா கெடச்சுதுன்னு அங்கேர்ந்து ஒரு பதிலும் வராது, மறுத்தாத்தான் லெட்டர் போடுவாங்க. 2025 ஆகஸ்ட் கடைசில அமெரிக்காவுக்கு தபால் புக்கிங்கையே நிறுத்தி அக்டோபர் 15லதான் திரும்ப தொறந்தாங்க, அப்படியும் நடக்கும்.

மகாமகக்குளம்_டல்லாஸ்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டைரக்ட் பேல பழைய ரிட்டர்ன் வெச்சு நாமதானான்னு சரி பாக்குதே, போன வருஷம் வேற அபார்ட்மென்ட்ல இருந்தேன், எந்த அட்ரஸ் குடுக்கணும்?

மாயவரம்_ரிட்டர்ன்:
எந்த வருஷத்த தேர்ந்தெடுக்குறீங்களோ அந்த ரிட்டர்ன்ல இருக்குற அட்ரஸ், அச்சு மாறாம. ஸ்ட்ரீட்டுக்கு சுருக்கமா எழுதிருந்தா அதே மாதிரி சுருக்கமாவே அடிங்க. அது ஒத்துக்கலன்னா அங்கயே உக்காந்து மல்லுக்கட்டாதீங்க, ஃப்ரீ ஃபைல்ல 4868 போட்ருங்க. அத ஏத்துக்காம திருப்பி அனுப்புனாலும் திருத்தி அனுப்ப அஞ்சு நாள் குடுப்பாங்க. அதுவும் ஆவலன்னா டல்லாஸ் ஃப்ரெண்டு பிரிண்ட் எடுத்து அங்கேர்ந்தே தபால்ல போடட்டும், அந்தப் பாரத்துல கையெழுத்துக்கே எடம் கெடையாது.

மன்னார்குடி_சம்பா:
நடுவுல ஒரு கேள்வி, எங்க அப்பா கிரீன் கார்டு, நெலத்த குத்தகைக்கு விட்டுருக்கோம். விவசாய வருமானத்துக்கு இங்க வரி இல்லையே, அங்க காட்டணுமா?

மாயவரம்_ரிட்டர்ன்:
காட்டணுங்க, இங்க வரி இல்லன்னா அவனுக்கு என்ன, உலகத்துல எங்க வந்தாலும் அவனுக்கு வருமானம்தான். பேங்க் அக்கவுண்ட் எல்லாம் சேத்து 10,000 டாலர் தாண்டிருந்தா எஃப்பாரும் (வெளிநாட்டு பேங்க் அக்கவுண்ட் விவரம் குடுக்குற தனி பாரம்) உண்டு, அதுக்கு அக்டோபர் 15 வரைக்கும் தானாவே டைம் இருக்கு. தனி கேள்வியா போடுங்க, இது நீளமா போவும்.

மகாமகக்குளம்_டல்லாஸ்:
முடிஞ்சுதுங்க. மொத தடவ அட்ரஸ் ஒத்துக்கல, ரோடுன்னு முழுசா அடிச்சிருந்தேன், சுருக்குனதும் போயிருச்சு. 900க்கு பதிலா 950ஆ கட்டிட்டேன். நடுவுல கரண்டு வேற போச்சு, போன் டேட்டாலதான் முடிச்சேன். கன்ஃபர்மேஷன் நம்பர பிரிண்ட் எடுத்து மாமாகிட்ட காட்டுனேன், திருப்பித் திருப்பி பாத்துட்டு இதுல முத்திரை எங்கடாங்கிறாரு.