மறு: 'அப்ரூவல் ரேட்டிங்' – களத்தளபதிக்கு 'ஆதரவு' என்று எழுதலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். கருத்துக்கணிப்பில் ஒருவரை எத்தனை விழுக்காட்டினர் ஏற்கிறார்கள் என்று காட்டும் 'அப்ரூவல் ரேட்டிங்'கை, அதிலும் களத்தில் படை நடத்தும் தளபதிகளைப் பற்றிப் பேசும்போது, தமிழில் எப்படிச் சொல்வது என்று இந்தக் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம். முந்தைய மடலில் ஒருவர் எழுதியது:

> 'ஆதரவு விழுக்காடு' போதுமே. எல்லாருக்கும் புரிகிறது, புதுச்சொல் எதற்கு?

எல்லாருக்கும் புரிகிறது, ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. அதனால்தான் இந்த இழையை விட மனமில்லாமல் மறுபடி எழுதுகிறேன்.

வியட்நாம் போர் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 1964 முதல் 1968 வரை அங்கே அமெரிக்கப் படைகளை நடத்திய ஜெனரல் வெஸ்ட்மோர்லாண்டைப் பற்றிய பகுதியில், 'தளபதிக்கு மக்களிடம் ஆதரவு இருந்தது' என்று முதல் படியில் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த நண்பர் உடனே கேட்டார்: "அப்படியானால் அந்தச் சமயத்தில் போருக்கும் ஆதரவு இருந்ததா?" மூலத்தில் சொல்லியிருப்பது கிட்டத்தட்ட எதிர்மாறானது. போர் கசந்துகொண்டிருந்த நேரத்திலும் அந்த மனிதர் மேல் மதிப்பு வைத்திருந்தவர்கள் பலர் என்பதுதான் அங்கே செய்தி. என் ஒரு சொல் அதை விழுங்கிவிட்டது.

கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் வியட்நாம் பற்றி அமெரிக்கர்களிடம் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டது: படை அனுப்பியது தவறா? 1965 ஆகஸ்டில் தவறு என்றவர்கள் 24 விழுக்காடு. 1967 அக்டோபரில் 47, அதாவது தவறில்லை என்றவர்களை (44) முதல் முறையாகத் தாண்டிவிட்டார்கள். 1968 ஆகஸ்டில் 53. இதே வெஸ்ட்மோர்லாண்டைத்தான் டைம் இதழ் 1965-க்கான 'ஆண்டின் மனிதர்' ஆக்கியது. 1967 ஏப்ரலில் அவரை ஊருக்கு வரவழைத்து நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடிய கூட்டத்தில் பேச வைத்தார்கள், உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நவம்பரில் மறுபடி வரவழைத்தார்கள், முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்று வாஷிங்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால் சொன்னார். போரைப் பற்றி அதிபர் ஜான்சன் சொன்னால் நம்பாதவர்கள் சீருடையில் இருப்பவர் சொன்னால் நம்புவார்கள் என்பதுதான் அதன் பின்னே இருந்த கணக்கு. போரின் மதிப்பு சரியச் சரிய ஆளின் மதிப்பைக் கடன் வாங்கி முட்டுக்கொடுத்தார்கள். இந்த இரண்டையும் 'ஆதரவு' என்றே எழுதினால் என்ன நடந்தது என்பதைத் தமிழில் சொல்லவே முடியாது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1968 ஜனவரி கடைசியில் டெட் தாக்குதல் வந்தது, அதாவது தென்வியட்நாமின் பல நகரங்கள் மேல் கம்யூனிஸ்ட் படைகள் ஒரே சமயத்தில் பாய்ந்தன. மார்ச்சில், படைத்தலைமை இன்னும் 2,06,000 வீரர்கள் கேட்கிறது என்ற செய்தி நியூயார்க் டைம்ஸில் கசிந்தது. அந்த மாதம் 31-ஆம் தேதி, மறுபடி போட்டியிடப்போவதில்லை என்று ஜான்சன் அறிவித்தார். வெஸ்ட்மோர்லாண்டைத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக்கி வியட்நாமிலிருந்து நகர்த்தினார்கள். பெயருக்குப் பதவி உயர்வு.

சரி, சொல்லுக்கு வருகிறேன். முந்தைய மடல்களில் வந்தவற்றை என் வரைவில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

'ஒப்புதல் விழுக்காடு' என்பதைப் பலர் முன்மொழிந்தீர்கள். 'தளபதி 50 விழுக்காடு ஒப்புதல் பெற்றார்' என்று எழுதிப் பாருங்கள். ஏதோ கோப்பில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டதுபோல இருக்கிறது. நம்மிடம் ஒப்புதல் என்றால் ஒன்று அனுமதி, இல்லாவிட்டால் குற்றத்தை ஒத்துக்கொள்வது. ஒப்புதல் வாக்குமூலம் என்று தினம் படிக்கிறோம். 1982-இல் வெஸ்ட்மோர்லாண்ட் எதிரிப் படையின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டினார் என்று ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் சொல்லி, அவர் 12 கோடி டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டு, 1985-இல் அதைத் தானே கைவிட்டார். அந்தக் கதையும் வரும் கட்டுரையில் 'தளபதியின் ஒப்புதல்' என்று ஒரு தலைப்பு இருந்தால் வாசகர் என்ன நினைப்பார்?

'பணியேற்பு' எனக்கு முதலில் பிடித்திருந்தது, சின்னதாக அழகாக இருக்கிறது. ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே குடியேறிய வீடு. 'ஏப்ராம்ஸின் பணியேற்பு' என்றால் 1968-இல் வெஸ்ட்மோர்லாண்டுக்குப் பதிலாக அவர் பொறுப்புக்கு வந்தது என்றுதான் பொருள். இதற்குமேல் யாரும் அதை வாதாடிக் காப்பாற்ற முடியாது என்று நினைக்கிறேன்.

'செல்வாக்கு' நாளிதழ்களில் ஓடும் சொல், காதுக்குப் பழகியது. ஆனால் செல்வாக்கு என்பது தன் சொல் எடுபடும் வலிமை. ஒருவரைப் பிடிக்காமலே அவருக்குச் செல்வாக்கு இருப்பதாகச் சொல்லலாம்.

என் முன்மொழிவு இரண்டு சொற்கள். கருத்துக்கணிப்பில் கேட்கும் கேள்விகளே இரண்டு வகை, அவற்றை ஒன்றாக்கும் உரிமை மொழிபெயர்ப்பவருக்கு இல்லை. 'இவரைப் பற்றி உங்களுக்கு நல்ல எண்ணமா, கெட்ட எண்ணமா' என்று ஆளைப் பற்றிக் கேட்டால் வருவது நன்மதிப்பு. 'இவர் தன் பொறுப்பைச் செய்யும் விதம் உங்களுக்கு ஏற்புடையதா' என்று கேட்டால் வருவது செயலேற்பு. அமெரிக்காவில் அதிபருக்கு வழக்கமாகக் கேட்பது இரண்டாவது. தளபதிகளைப் பற்றிப் பெரும்பாலும் கேட்பது முதலாவது. ஆகவே அதிபர் ட்ரூமனின் 22 விழுக்காடு (1952 பிப்ரவரி, கொரியப் போர் இழுத்துக்கொண்டிருந்த நேரம்) செயலேற்பு. அதை இன்னொருவரின் நன்மதிப்போடு அருகருகே வைத்து 'இவரைவிட அவருக்கு இத்தனை மடங்கு ஆதரவு' என்று எழுதுவது பிழை, அதை நானே முன்பு ஒரு கட்டுரையில் செய்திருக்கிறேன்.

> கருத்துக்கணிப்பு இல்லாத காலத்துக்கு இந்தச் சொல் பொருந்துமா?

நல்ல கேள்வி, இதற்காகவே நன்மதிப்பையும் 'நன்மதிப்பு விழுக்காட்டையும்' பிரித்து வைக்கச் சொல்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் லிங்கனின் வடதரப்புத் தளபதி மெக்கிளெலனை எடுத்துக்கொள்ளுங்கள். வடதரப்பின் முக்கியப் படையான பொடோமாக் படையைக் கட்டி எழுப்பியவர், வீரர்கள் அவரை அவ்வளவு நேசித்தார்கள். ஆனால் எதிரியைத் துரத்தத் தயங்கிக்கொண்டே இருந்ததால் 1862 நவம்பரில் லிங்கன் அவரை நீக்கினார். 1864-இல் அவரே லிங்கனை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்றார். மக்கள் போரில் களைத்துப்போயிருந்தார்கள், அவரை நிறுத்திய கட்சியின் அறிக்கையும் சண்டையை நிறுத்தச் சொன்னது. தேர்தலுக்கு முன் தென்தரப்பின் அட்லாண்டா நகரம் வீழ்ந்தது, காற்று திரும்பியது. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தேர்வாளர்களின் வாக்கில் லிங்கனுக்கு 212, மெக்கிளெலனுக்கு 21. அவரை நேசித்ததாகச் சொல்லப்படும் படைவீரர்களிலேயே நான்கில் மூன்று பங்குக்குமேல் லிங்கனுக்கு வாக்களித்தார்கள். நன்மதிப்பு இருந்தது, அது வாக்காகவில்லை. 'படையின் ஆதரவு அவருக்கு இருந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த வரியில் இந்த எண்ணை எழுதினால் வாசகர் நம்மைத்தான் சந்தேகிப்பார்.

அப்புறம், 'அன்பாப்புலர் வார்' என்பதற்கு 'மக்கள் விரும்பாத போர்' என்று வந்திருக்கிறது. எந்தப் போரை மக்கள் விரும்புகிறார்கள்? மேலும், வியட்நாமோ இராக்கோ தொடக்கத்தில் அமெரிக்காவில் பெரும்பான்மை ஏற்றுக்கொண்ட போர்கள்தான். இருந்தது போனது என்ற நகர்வு சொல்லிலேயே தெரிய வேண்டும் என்பதால் ஆதரவிழந்த போர் என்கிறேன். ஆதரவு என்ற சொல்லை நான் தூக்கி எறியச் சொல்லவில்லை, அதைப் போருக்கு மட்டும் ஒதுக்கிவிடுவோம்.

இதில் ஒரு எச்சரிக்கை. 'தவறு' என்று சொன்ன 53 விழுக்காட்டினரைப் 'போர் எதிர்ப்பாளர்கள்' என்று மொழிபெயர்க்காதீர்கள். அவர்களில் ஒரு பகுதியினர், போவதானால் முழு பலத்தோடு போயிருக்க வேண்டும், அரைகுறையாகப் போனதுதான் தவறு என்று நினைத்தவர்கள். 'போரைத் தவறென்றோர்' என்று நீட்டியே எழுதலாம், நீளம் பரவாயில்லை.

'கமாண்டர்' என்பதற்குக் களத்தளபதி என்றே வைத்துக்கொள்கிறேன். தலைநகரில் இருக்கும் தலைமைத் தளபதியிலிருந்து பிரித்துக் காட்டுகிறது, வெஸ்ட்மோர்லாண்ட் இரண்டாகவும் இருந்தவர் என்பதால் எனக்கு இது அவசியம். 'தானைத்தலைவர்' பழைய நல்ல சொல்தான், ஆனால் அதிலேயே புகழ்ச்சி ஏறியிருக்கிறது. ஒருவர் மேல் மக்களுக்கு மதிப்பு உண்டா இல்லையா என்று அளக்கும் இடத்தில் அவரைக் குறிக்கும் சொல்லே மதிப்பைச் சேர்த்துவிடக் கூடாது.

கடைசியாக ஒரு சிக்கல், இதற்கு என்னிடம் சொல் இல்லை, நீங்கள்தான் உதவ வேண்டும். 2007 பிப்ரவரியில் இராக்கில் அமெரிக்கக் களத்தளபதியாகப் பொறுப்பேற்ற பெட்ரேயஸ், அந்தச் செப்டம்பரில் நாடாளுமன்றக் குழுக்கள் முன் சாட்சியம் சொன்னார். அதே நாளில் அவர் பெயரைத் 'துரோகம்' என்று பொருள்படத் திரித்து நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வந்தது. போரை எதிர்த்த உறுப்பினர்களில் பலரே அதைக் கண்டித்தார்கள், செனட்டில் கண்டனத் தீர்மானம் 72-க்கு 25 என்று நிறைவேறியது. போரைத் திட்டலாம், களத்தளபதியைத் திட்டக் கூடாது என்று ஒரு கோடு அங்கே இருந்தது. அந்த வாரங்களின் கணிப்புகளைப் பார்த்தால் கணிசமானவர்கள் அவரைப் பற்றி நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அவர்களில் அவர் பெயரையே கேள்விப்படாதவர்களும் இருக்கிறார்கள், நன்றாகத் தெரிந்தும் தீர்ப்புச் சொல்லத் தயங்கியவர்களும் இருக்கிறார்கள். இருவரையும் நாம் 'கருத்து இல்லை' என்ற ஒரே கட்டத்தில் போடுகிறோம். முதல் வகையை 'அறியாதோர்' என்று வைத்துவிடலாம். இரண்டாவது வகைக்கு 'தயங்குவோர்' சரியாக வரவில்லை, கேள்வி கேட்டதும் வாயடைத்துப் போனவர்போலத் தொனிக்கிறது. 'தீர்ப்பு ஒத்திவைத்தோர்' நீதிமன்ற வாடை அடிக்கிறது.

இதுவரை என் வரைவில் நிற்கும் வரி இது: 'ஆதரவிழந்த போரின் களத்தளபதியாக இருந்தும் அவரது நன்மதிப்பு அதிபரின் செயலேற்பைவிட மெதுவாகவே சரிந்தது.' இதை உரக்கப் படித்துப் பார்த்து எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன்.