புதுப்பிப்பு: கையெழுத்திட மறுத்த பிறகு

நடக்காத செலவுகளுக்கான ரசீதுகளில் கையெழுத்திடும்படி என் மேலதிகாரி வற்புறுத்துவதைப் பற்றியும், கிறிஸ்தவனாக அதற்கு எவ்வாறு மறுமொழி சொல்வது என்றும் முன்பு எழுதியிருந்தேன். இது அதன் தொடர்ச்சி.

மறுத்துவிட்டேன். அந்தச் செலவுகள் நடந்ததாக நான் அறியேன் என்ற ஒரே காரணத்தை, யாரையும் குற்றஞ்சாட்டாமல், எழுத்தில் கொடுத்தேன்.

உங்களில் பலர், எகிப்தில் போத்திபார் என்ற அதிகாரியின் வீட்டில் அடிமையாயிருந்த யோசேப்பைச் சுட்டிக்காட்டியிருந்தீர்கள். ஆதியாகமம் 39ஆம் அதிகாரத்தை மீண்டும் வாசித்தபோது, அவன் வஸ்திரத்தை விட்டு ஓடிய அந்த நாளைவிட, போத்திபாரின் மனைவி தன்னோடு சயனிக்கும்படி நித்தம் நித்தம் பேசியும் அவன் இணங்காதிருந்த முந்தைய நாட்களே என்னை அதிகம் தாங்கின. ஏனெனில் சோதனை ஒரே முறை வந்து போய்விடுவதில்லை, பதவி உயர்வாகவும், நட்பாகவும், எல்லாரும் செய்வதுதானே என்ற ஆறுதலாகவும் அது திரும்பத் திரும்ப வருகிறது. அவனுடைய உண்மைக்கு உடனே கிடைத்தது சிறைச்சாலைதான் என்பதை நாம் பிரசங்கங்களில் மிக விரைவாகக் கடந்துவிடுகிறோம் என்றே நினைக்கிறேன்.

என் பொறுப்புகள் சில பறிக்கப்பட்டுள்ளன. அதனால் எழும் கசப்பு, மேலதிகாரியை வெறுக்கத் தூண்டும் அந்தச் சோதனை, ரசீதுகளைவிடக் கடினமாக இருக்கிறது. வனாந்தரத்தில் இயேசு மூன்று சோதனைகளுக்கும் பழைய ஏற்பாட்டிலுள்ள உபாகமத்தின் வார்த்தைகளாலேயே பதிலளித்ததை எண்ணி, அதன் 6, 8ஆம் அதிகாரங்களை மனப்பாடம் செய்துவருகிறேன். சபையின் மூப்பர் ஒருவரிடம் வாரந்தோறும் ஒளிவுமறைவின்றிப் பேசுகிறேன்.

அடுத்த கணக்கு முடிப்பு நெருங்குகிறது. எனக்காக மட்டுமன்றி, என் மேலதிகாரிக்காகவும் ஜெபியுங்கள்.