நாவல் பழம் சாப்பிட்டு வயிறு சரியானவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. பல் சீழுக்காக ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டதிலிருந்து வயிறு சரியில்லை. நாலு வாய் சாப்பிட்டதும் உப்பிவிடுகிறது. கொசுவத்தைத் தளர்த்திக்கொண்டு திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுகிறார். பயப்பட ஒன்றுமில்லை, பழமும் மோரும் கொடுங்கள் என்றார் டாக்டர்.

தம்பி புளூபெர்ரி வாங்கச் சொல்கிறான். அதன் நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனினில் பெரும்பங்கு சிறுகுடலில் சேராமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கிருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்து, உடம்பு எடுத்துக்கொள்ளும்படியான சிறு பொருள்களாக மாற்றுகின்றன. பழத்தின் நார்ச்சத்தை அவை புளிக்கவைக்கும்போது பியூட்டிரேட் கிடைக்கிறது. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். சரி, அந்த ஆந்தோசயனின் நம் நாவல் பழத்திலும்தானே இருக்கிறது? நாக்கெல்லாம் ஊதாவாவது அதனால்தானே? சின்ன டப்பாவுக்கு அவ்வளவு காசு கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நாவல் மலத்தைக் கட்டும் என்கிறார் பெரியம்மா. அம்மா சர்க்கரை மாத்திரையும் போடுகிறார். அப்படி மாத்திரையோடு சாப்பிடுபவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை பழம் எடுக்கிறீர்கள்? உப்பல் குறைந்ததா, கூடியதா? டாக்டரிடமும் கேட்கத்தான் போகிறேன், அதற்கு முன் உங்கள் அனுபவம் தெரிந்தால் நல்லது.

அப்புறம், ஆடி போனால் பழமும் போய்விடும். கொட்டை எடுத்து ஃப்ரீசரில் வைத்தவர்கள் பக்குவம் சொல்லுங்கள். மஞ்சக்குப்பம் பக்கமோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டிலோ அடிபடாத பழம் எந்த நேரத்துக்குப் போனால் கிடைக்கும்?